அக்காவின் சிவப்புப் பொத்தான்

போன வாரம் மரம் செதுக்கும் மிஷின் அக்காவின் சட்டைக் கையைக் கவ்வ வந்தது. அதனால், அதைச் சட்டென்று நிறுத்தத் தனியாக ஒரு சிவப்புப் பொத்தான் வைக்கும் பொறுப்பு, மாலை வகுப்பில் மின்வேலை படிக்கும் தம்பியின் தலையில் விழுந்தது. சரியாக வராவிட்டால் இனி பட்டறைப் பக்கமே தலைகாட்டாதே என்று அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள்.

அவன் ஒவ்வொரு வயரையும் நோட்டில் எழுதி, மூன்று தடவை சரிபார்த்து மாட்டினான். பச்சைப் பொத்தானை அழுத்தினான். மிஷின் அசையவில்லை. அதன் சின்னத் திரையில் "அவசர நிறுத்தம்" என்று மட்டும் வந்தது.

"சிவப்பை யாரும் அழுத்தவே இல்லையேக்கா!"

"அப்ப நான் அழுத்தறேன்" என்று கடுப்பில் அவள் அதை ஒரு குத்து குத்தினாள். அவன் விரல் இன்னும் பச்சையில்தான் இருந்தது. மிஷின் விர்ரென்று சுற்ற ஆரம்பித்தது.

"நல்லா படிச்சடா! அவசரமா ஓட வைக்கிற பொத்தான்!" மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அவன் காது சிவக்கச் சிவப்புப் பொத்தானின் மூடியைக் கழற்றினான். உள்ளே இரண்டு ஜோடி முனைகள் இருந்தன. அழுத்தினால் இணைப்பு விடுபடும் ஜோடியில் மாட்ட வேண்டியதை, அழுத்தினால் இணைப்பு சேரும் ஜோடியில் மாட்டியிருந்தான். மூன்று தடவையும் அந்தத் தப்பைத்தான் பொறுப்பாகச் சரிபார்த்திருந்தான். வயரை மாற்றி, மெயினைப் போட்டுப் பச்சையை அழுத்தினான். மிஷின் ஒழுங்காக ஓடியது.

"ஏன் தப்பாச்சுன்னாக்கா, முதல் பக்கத்துல..." என்று நோட்டைப் பிரித்தான்.

அக்கா சிவப்பை அழுத்தினாள். மிஷின் நின்றது. அவனும் பேச்சை நிறுத்தினான்.

"நல்லா வேலை செய்யுதுடா" என்றாள். "நாளைக்கும் வா."