அடுத்தவர் யார் என்று முதலில் கேட்க வேண்டும்

எங்கள் கோப்பகத்தில் ஒவ்வொரு கதவுக்குள்ளும் ஒரு கேட்பவர் உட்கார்ந்திருக்கிறார். வெளியிலிருந்து யாராவது தட்டினால், என்ன கோப்பு வேண்டும் என்று கேட்டு எடுத்துக் கொடுப்பார். பணி முடிந்து போகும்போது தன் கதவைப் பாய் மாதிரி சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்த இடத்தில் சுவர் மூடிக்கொள்ளும். அவர்களை அனுப்பிவைப்பது என் வேலை.

முறை எளிது. முதலில் கதவின் வெளிப்பக்கத்து எண்ணை அழிக்க வேண்டும். புதிதாக யாரும் வந்து தட்ட மாட்டார்கள். ஏற்கெனவே பேசிக்கொண்டிருப்பவர் முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். பிறகு, அடுத்த கேட்பவர் இருக்கும் இடத்தைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். அதன் பிறகே அனுப்பலாம். ஏனென்றால் ஒரு கேட்பவருக்கு அடுத்தவர் எங்கே இருக்கிறார் என்பது அவர் ஒருவருக்கு மட்டுமே தெரியும். வாசலைத் தாண்டியதும் அவருக்கும் அது மறந்துவிடும்.

ஆறு வருடத்துக்கு முன் நான் சங்கரபாண்டி என்ற கேட்பவரை, எதுவும் கேட்காமல் முதலில் அனுப்பிவிட்டேன். தெருவில் ஓடிப்போய், "அடுத்த ஆள் எங்கே?" என்று கேட்டேன். அவர் மரியாதையான மனிதர். தெரியாது என்று சொல்ல மனம் வராமல், வாயில் வந்த முகவரியைச் சொன்னார். அது அவருடைய மாமியாரின் சமையலறை.

அங்கே போய், "உங்களைப் பணியிலிருந்து விடுவிக்க வந்திருக்கிறேன்" என்றேன்.

"நல்லா இருப்பீங்க தம்பி. நாப்பது வருஷமா ஒருத்தரும் வரல. உட்காருங்க" என்று அந்த அம்மாள் உப்புமா வைத்தார். பாதி சாப்பிட்ட பிறகுதான் சமையலறைக்குக் கதவே இல்லை என்பதைக் கவனித்தேன். மீதியையும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

சங்கரபாண்டிக்கு அடுத்தவரான சூசையம்மாள் அப்படித்தான் சுவருக்குள் தொலைந்துபோனார். கேன்டீன் சுவரில் காதை வைத்தால், "சொல்லுங்க, கேக்குறேன்" என்று அவர் குரல் வரும். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால், "இங்கதான்" என்பார்.

இந்த வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குக் கட்டடத்தைச் சுருட்டுவதாக உத்தரவு வந்தது. உள்ளே இருப்பவரும் சேர்ந்து சுருண்டுவிடுவார். மற்ற வரிசைகளில் இருந்த எல்லோரையும் முறைப்படி அனுப்பிவிட்டேன். பாக்கி சூசையம்மாள் மட்டும்தான்.

மேலாளர் தவமணி கேன்டீனுக்கு வந்து படிவத்தை நீட்டினார். "ஒரே ஒரு ஆளுதானே சார்? மீதி பூஜ்யம்னு போட்டுடுங்க."

"அவங்க இன்னும் கேட்டுக்கிட்டுதான் இருக்காங்க மேடம்."

"யார் சொன்னா?"

"நான்தான்" என்றது சுவர்.

"சாரிம்மா" என்று சொல்லிவிட்டு மேலாளர் படிவத்தை மடித்து வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஜன்னல் வழியாக ஒருவர் கோப்போடு போவதைப் பார்த்தேன். கூப்பிட்டு விசாரித்தேன். இருதயராஜ் என்று பெயர். அது அவருடைய கிணற்றின் கோப்பு. எங்கே வாங்கினீர்கள் என்றேன்.

"பதினேழாம் நம்பர்லதான். ஆறு வருஷமா அங்கதான் வாங்குறேன். அந்தம்மா உடனே எடுத்துக் குடுத்துடுவாங்க. உங்க ஆபீஸ்ல வேலை பாக்குற ஒரே ஆளு அவங்கதான்."

அந்தக் கதவின் எண்ணை நான் அழிக்கவே இல்லை. ஆறு வருடமாகச் சுவரில் காதை வைத்துக்கொண்டிருந்தவன், ஒருநாள்கூட வெளியே போய் ஒரு பொதுஜனமாகத் தட்டிப் பார்க்கவில்லை. ஏன் என்று என்னையே கேட்டுக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி நடந்தேன். பதில் கிடைப்பதற்குள் பதினேழாம் எண் வந்துவிட்டது.

எண்ணை அழித்தேன். தட்டினேன்.

"சொல்லுங்க" என்றார் சூசையம்மாள்.

"நான்தாம்மா. உங்களை அனுப்ப வந்திருக்கேன்."

"உப்புமா சாப்பிட்டுட்டு வர ஆறு வருஷமா சார்?"

நான் அவசரப்படவில்லை. "உங்களுக்கு அடுத்தவர் யாரு?" என்று முதலில் கேட்டேன்.

"நீங்கதான் சார்."

எழுதிக்கொண்டேன். அவர் வெளியே வந்து கதவைச் சுருட்டினார். சுவர் மூடிக்கொண்டது. மணி மூன்று ஐம்பது. அவர் என் கையிலிருந்து பேனாவையும் நோட்டையும் வாங்கிக்கொண்டார்.

"உங்களுக்கு அடுத்தவங்க? அதை முதல்ல சொல்லுங்க."

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு முகவரிதான். சொன்னேன். அவர் எழுதி முடித்ததும் கேன்டீன் சுவரைப் போய்ப் பார்த்தேன். இத்தனை வருடம் நான் சாய்ந்துகொண்டிருந்தது கதவில்தான். சுருட்டியபோது கனமே இல்லை.

நான்கு மணிக்கு எங்களுக்குப் பின்னால் கட்டடத்தைச் சுருட்டினார்கள். வாசலைத் தாண்டியதும் எங்கே போகிறோம் என்பது இருவருக்கும் மறந்துவிட்டது. நோட்டில் இருந்தது. ஆளுக்கொரு கதவோடு நடந்தோம்.

சங்கரபாண்டியின் மாமியார் சமையலறையைச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டி, தெரு ஓரத்தில் அதன்மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மூன்று தட்டுகளில் உப்புமா.

அடுத்தவர் யார் என்று கேட்டேன்.

"சாப்பிட்டுட்டுச் சொல்றேன்" என்றார்.