நல்ல தண்ணி

கண்டக்குழியில் வீடு கட்ட என் கல்தான் மலிவு என்று நானே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். தேங்காய்த் தும்பு ஆலைகள் குப்பையாகக் கொட்டுகிற தும்புத்தூளைக் கொஞ்சம் சீமெந்தோடு சேர்த்து அச்சில் அடித்த கல். அதில் கட்டிய முதல் வீடு, ஒற்றை அறைதான், என் மகள் ஷானிகாவுக்கு. குறை சொன்னவர்களை நன்றாக ஏசிவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

மழை தொடங்கி நாலாம் நாள் காலை, பேரனைப் பார்க்கப் போனேன். சுவரின் அடிவரிசை வியர்த்திருந்தது. விரல் வைத்தேன், கல் பிட்டாக உதிர்ந்தது. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

தேங்காய் மட்டையைக் கடல்நீர் ஏறுகிற களப்பில் ஊறப்போடுவதால் தூளிலும் உப்பு ஏறியிருக்கும். அந்த உப்புப் போவதற்கு நல்ல தண்ணியில் அலச வேண்டும். குடிக்கிற தண்ணியைத்தான் நாங்கள் நல்ல தண்ணி என்போம். இங்கே அது பவுசர் லொறியில் வரும். தூளை அலசிய ஜபார் நானாவுக்கு முற்றத்தில் நின்றே போன் எடுத்தேன்.

"நானா, எந்தத் தண்ணியில அலசினீங்க?"

"களப்புத் தண்ணியிலதான் தங்கச்சி. நல்லாத் தண்ணியில அலசச் சொன்னீங்களே. மூணு தரம் அலசினேன்."

நான் சொன்னது 'நல்ல.' மெஷின் இரைச்சலில் அவருக்குக் கேட்டது 'நல்லா.' வலை, வள்ளம், மீன் எல்லாம் களப்பிலேயே கழுவுகிற ஊர், அவரை என்னவென்று ஏசுவது? போய்ப் பார்க்காத கழுதை நான்.

"ஆக்களைக் கூட்டிக்கொண்டு ஓடிவாங்க நானா," என்றேன்.

கதவு சாத்தியிருந்தது.

"ஷானிகா, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியில வா."

"பால் குடுக்கிறன், பொறுங்கம்மா."

"பிறகு குடு. சுவர் விழப்போகுது."

"நூறு வருசம் நிக்கும் எண்டு நீங்கதானே சொன்னீங்க." உள்ளே சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குச் செருப்படி.

சுவருக்குள் ஏதோ சரசரவென்று இறங்கியது. அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும், ஓடிவந்து கதவை இழுத்தாள்.

"அம்மா, கதவு இறுகிட்டுது."

தோளால் ஒரு தள்ளுத் தள்ளினேன். மேல்வரிசை என் தலையில் தூளாகக் கொட்டியது. இன்னொருமுறை இடிக்கப் பயமாக இருந்தது.

பின்பக்கம் காற்றுக்கு விட்ட சின்ன யன்னல், ஒன்றரைச் சாண் அகலம். அதன் வழியாகப் பிள்ளையை நீட்டினாள். வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மற்றக் கையால் அவள் விரல்களைப் பிடித்தேன்.

"தூரப் போங்கம்மா."

"ஆக்கள் வருகினம். நான் போகமாட்டன்."

யன்னல் சட்டம் சரிந்தது. ஷானிகா பிள்ளையை ஒருமுறை பார்த்தாள். பிறகு தன் விரல்களை என் கையிலிருந்து உருவிக்கொண்டாள்.