இருக்கிறார், இறந்துவிட்டார்

ராஜம்மா அத்தையின் கை அம்மாவின் கழுத்தில் எதையோ தேடியது. முன்பக்கம் தடவினாள், பிடரிக்குக் கீழே விரலை விட்டுப் பார்த்தாள். மஞ்சள்தண்ணீர்தான் வழிந்தது.

“தாலி எங்கடி?”

பானுப்பிரியா கையில் சொம்போடு நின்றாள். வீட்டின் பின்னால் துணி துவைக்கிற கல்லைச் சுற்றிப் பழைய புடவைகளைக் கயிற்றில் கட்டி மறைத்திருந்தார்கள். பங்குனி வெயில் புடவைகளுக்குள் புகுந்து, பெஞ்சில் கிடத்தியிருந்த அம்மா சரசாவின் முகத்தில் பச்சையும் ஊதாவுமாக விழுந்தது.

“உன்னத்தான் கேக்கறேன். ஆஸ்பத்திரிக்குப் போனப்ப எவளாவது கழட்டிக்கினாளா?”

“இல்லத்த. அம்மாவே கழட்டிட்டாங்க.”

“அவளேவா?” அத்தை நிமிர்ந்தாள். “எங்கண்ணன் கீறாரா போனாரான்னே எவனுக்கும் தெரியாது. இவ பாட்டுக்குக் கழட்டுவாளா?”

குங்குமக் கிண்ணத்தை வைத்திருந்த எதிர்வீட்டுப் பெண் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். “அப்ப பொட்டு வெக்கறதா, வேணாவா? யாராவது ஒன்னு சொல்லுங்க.”

மறைப்புக்கு வெளியே நின்றிருந்த ஜம்புலிங்கம் சித்தப்பாவின் குரல் கேட்டது. பானுப்பிரியாவின் காணாமல்போன அப்பா நாகப்பனுக்குத் தம்பி அவர், ராஜம்மாவுக்கும் தம்பிதான்.

“இதுல இன்னா கேள்வி? அண்ணன் இருந்திருந்தா இத்தினி வருஷத்துல ஒரு போன் வந்திருக்காதா? போய்ச் சேந்திருப்பாரு. பொட்டு கிட்டுல்லாம் வேணாம். வெள்ளத்துணி போத்தி அனுப்புங்க, வண்டி வந்து நிக்குது.”

“வாயக் கழுவு! செத்தத நீ பாத்தியா? எங்கண்ணி சுமங்கலியாத்தான் போவா. எவனாவது ஒரு மஞ்சக் கெழங்கு எடுத்தாங்கடா, கயித்துல கட்டி நானே போடறேன்.”

“நீ இன்னாக்கா, புரியாம பேசறே…”

அவர்கள் புடவைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று சண்டை போட, நடுவில் அம்மா தலை துவட்டாமல் கிடந்தாள். பானுப்பிரியா சொம்பைக் கீழே வைத்துவிட்டுத் துண்டை எடுத்து அம்மாவின் காதோரம் துடைத்தாள். இதே கேள்வியைச் சில மாதங்களுக்கு முன்பு ஒரு செல்போன் திரை அவளிடம் கேட்டிருந்தது.

போன வருஷக் கடைசியில் வாக்காளர் பட்டியலைத் திருத்தியபோது, பழைய பட்டியலில் அப்பா அம்மா பெயர் எங்கே இருக்கிறது என்று எல்லோரையும் தேடச் சொன்னார்கள். அவர்கள் இருந்த முத்தாபுதுப்பேட்டையே செல்போனும் கையுமாக அலைந்தது. பானுப்பிரியா ஆவடியில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறவள். கம்ப்யூட்டர் பழக்கம் உண்டு. தெருவில் பாதிப்பேருக்கு அவள்தான் தேடிக்கொடுத்தாள். தன் வீட்டுக்குத் தேடியபோது, ‘சரசா, கணவர் பெயர் நாகப்பன்’ என்ற வரி வந்தது. அப்பாவின் பெயரை அச்செழுத்தில் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அவர் சென்னை பாடியில் ஒரு கம்பெனியில் லேத் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர். அவளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது ஏஜெண்ட் மூலம் மலேசியா போனார். முதல் வருஷம் இரண்டு கடிதம் வந்தது. அவ்வளவுதான்.

அந்த வரியைப் பார்த்த பிறகு அவளால் சும்மா இருக்க முடியவில்லை. குடும்பமரம் போட்டுப் பார்க்கும் இலவச வலைத்தளம் ஒன்றைக் கண்டுபிடித்தாள். தாத்தா முனுசாமி, பாட்டி, அத்தை, சித்தப்பா என்று ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டே வந்தாள். அப்பாவின் கட்டத்துக்கு வந்ததும் அது கேட்டது: உயிருடன் இருக்கிறார், இறந்துவிட்டார். இரண்டில் ஒன்றைத் தொட்டால்தான் மேலே போகவிடும். தெரியாது என்பதற்கு அதில் இடம் இல்லை. பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தவளின் விரல் திரைக்கு மேலேயே நின்றது. பஸ் வந்து, ஏறி, இறங்கி, வீட்டுக்கு வந்தும் அந்தக் கட்டம் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு தினமும் தேடினாள். உறவுகளைத் தேடும் மலேசியத் தமிழர்களின் ஃபேஸ்புக் குழுக்களில் சேர்ந்தாள். அப்பாவின் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாகத் தப்பாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் எழுதிப் பார்த்தாள். அந்த நாட்டில் ஒருவருடைய தகப்பன் பெயருக்கு முன்னால் ‘அனாக் லெலாக்கி’, அதாவது ‘மகன்’, என்று சேர்ப்பார்கள் என்று ஒருவர் சொல்லிக்கொடுத்தார். கல்லறைகளைப் படமெடுத்துப் பதிவேற்றும் தளம் ஒன்று இருக்கிறது, அதையும் பாருங்கள் என்றார் இன்னொருவர். முன்பின் தெரியாத யார் யாரோ ஞாயிற்றுக்கிழமைகளில் இடுகாட்டில் நடந்து, புல்லை விலக்கி, யார் யாருக்காகவோ படமெடுத்துப் போட்டிருந்தார்கள். பொங்கலுக்கு முந்தைய வாரத்தில், மலேசியாவில் ஈப்போ பக்கத்து இடுகாடு ஒன்றின் படங்களைத் தள்ளிக்கொண்டு வந்தவள் ஒரு கருப்புக் கல்லில் நின்றாள்.

நாகப்பன், முனுசாமி மகன். பிறந்த ஊர் நசரத்பேட்டை, செங்கல்பட்டு ஜில்லா. இறந்தது 2011. பெயருக்கு மேலே முட்டை வடிவத்தில் பீங்கான் போட்டோ. கீழே ‘அன்பு மனைவி, மகள்’.

படத்தைப் போட்டது அந்த மகளேதான். சிம்ரன் என்று பெயர், இருபத்தைந்து வயது. பானுப்பிரியா செய்தி அனுப்பினாள். இரண்டு நாள் கழித்து பதில் வந்தது. ‘அக்கா’ என்றுதான் ஆரம்பித்திருந்தாள். அப்பா ஊரைப் பற்றிப் பேசவே மாட்டார், கேட்டால் கோபம் வரும் என்றாள். பானுப்பிரியா கேட்கவேண்டாம் என்று நினைத்துக்கொண்டே கேட்டாள், அடிப்பாரா?  ராத்திரி பதில் வந்தது. ‘குடிச்சா அடிப்பாரு அக்கா. கடைசி ரெண்டு வருசம் படுக்கையில இருந்தாரு. அப்ப அடிக்கல.’

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தை மாசம் முழுக்கப் போனது. ஏனென்றால் அம்மா காத்திருந்தாள். அப்படித்தான் பானுப்பிரியா சிறுவயதிலிருந்து நினைத்திருந்தாள். சந்தில் எந்த ஆட்டோ நின்றாலும் அம்மா செய்கிற வேலையைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு வருவாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்க்ரூ பேக்கிங் வேலைக்குப் போய்ச் சீட்டுக் கட்டி இந்த வீட்டைக் கட்டினாள். கட்டிய பிறகும் அத்தை, சித்தப்பா தவிர ஊரில் யாருக்கும் விலாசம் சொல்லவேண்டாம் என்பாள். அப்பா நேராக வந்து ஆச்சரியப்படட்டும் என்று வைத்திருக்கிறாளோ என்றுகூட மகள் யோசித்ததுண்டு.

மாசியில் ஒருநாள் டயாலிசிஸ் முடிந்து கூட்டிவந்து படுக்கவைத்திருந்தாள். கை கால் வீங்கி, எழுந்து உட்காரவே தெம்பில்லை அம்மாவுக்கு. சந்தில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஜன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டு நின்ற அந்த முதுகைப் பார்த்ததும் பானுப்பிரியாவுக்குத் தாங்கவில்லை.

“வந்து படும்மா. அவரு வரமாட்டாரு.”

“யாரு?”

“அப்பா.”

அம்மா திரும்பினாள். “யாருடி சொன்னது?”

“யாரும் சொல்லல. நானே தேடுனேன்.” செல்போனை நீட்டினாள்.

அம்மா கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். பீங்கான் போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னாள். “ஆளு பெருத்துட்டாரு,” என்றாள். திரையைக் கண்ணருகே கொண்டுபோனாள். “புருவத்தாண்ட பாரு. லேத்துல வெட்டிக்கினது. அவருதான்.” கட்டிலில் மெதுவாக உட்கார்ந்தாள். “எவ்ளோ வருஷமாவுது?”

“பதினாலு வருஷம்மா.”

அம்மா அழப்போகிறாள் என்று பானுப்பிரியா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அம்மாவின் தோள் குலுங்கியது. ஆனால் அது சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டு, இருமல் வரும்வரை சிரித்தாள்.

“பதினாலு வருஷமா செத்துப்போன ஆளுக்கா பயந்துகினு கெடந்தேன்?”

“பயந்துகினா?”

“பின்ன? ஒவ்வொரு ஆட்டோ நிக்கறப்பவும் அவருதானான்னு ஓடியாந்து பாப்பேன்டி. எறங்கி வந்து கதவ ஒதப்பாரு, ‘யாரக் கேட்டுடி ஊடு கட்டுன’ன்னு முடியப் புடிப்பாருன்னு. நீ வேலைக்குப் போனப்புறம் உள்ளத் தாப்பா போட்டுகினுதான் கெடப்பேன்.” மறுபடி செல்போனைக் கையில் வாங்கினாள். “நல்லாப் பாத்தியா? பொதைச்சுட்டாங்க இல்ல?”

“பொதைச்சுட்டாங்கம்மா.”

“அப்பாடா.”

அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அம்மா அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்துவரச் சொன்னாள். கழுத்துக் கயிற்றைத் தானே நறுக்கினாள். இத்தனை நாள் நாலுபேர் வாய்க்காகத்தான் கிடந்தது, பெரியம்மன் கோயில் உண்டியலில் போட்டுவிடு என்றாள். பானுப்பிரியா நெற்றியைப் பார்த்ததை அவள் கவனித்துவிட்டாள்.

“பொட்டு என்னுது. எட்டு வயசுலேந்து வெச்சிகினு கீறேன். அந்தாளு குடுத்தா வெச்சேன்?” என்றாள். “போய் நெத்திலிக் கருவாட்டுக் கொழம்பு வைடி. உப்பு கூடாது கிப்பு கூடாதுன்னு ஆரம்பிக்காத. ரெண்டு வாய்தான்.”

அதற்குப் பிறகு அவள் இருந்தது கொஞ்சநாள்தான். உடம்பு மோசமாகிக்கொண்டே போனது. ஆனால் பகலில் தூங்கினாள். வாயைத் திறந்துகொண்டு, குறட்டை விட்டு, மின்விசிறிக்கு நேராகக் கால் நீட்டித் தூங்கினாள். அம்மா பகலில் தூங்கி பானுப்பிரியா பார்த்ததே இல்லை. நேற்று மதியம் பானுப்பிரியா தண்ணி கேன் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தபோதும் தூங்குகிறாள் என்றுதான் நினைத்தாள்.

“பேசு பானு. தாலிய யாரு கழட்டச் சொன்னது?” அத்தையின் குரல் உடைந்திருந்தது.

பானுப்பிரியா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். “அத்த, அப்பா செத்துட்டாரு. ரொம்ப வருஷம் முன்னாடியே. அம்மாவுக்குச் சொல்லிட்டேன். தெரிஞ்சுதான் கழட்டுனாங்க. பொட்டையும் தெரிஞ்சுதான் வெச்சிருந்தாங்க.”

மறைப்புக்கு வெளியே காலடி நெருங்கி வந்தது. ஜம்புலிங்கம் புடவையை விலக்காமலே, “இன்னாம்மா சொல்றே?” என்று கேட்டார்.

அவள் செல்போனை எடுத்துப் படத்தைக் காட்டினாள். அத்தை அதை வாங்கி வெயில் படாமல் முந்தானையால் மறைத்துப் பார்த்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள், போட்டோவைத்தான் பார்த்தாள். பிறகு துவைக்கிற கல்லின் ஈரத்திலேயே உட்கார்ந்து, “அண்ணாத்தே” என்று ஒரு குரல் கொடுத்தாள். காலையிலிருந்து சரசாவுக்காக அழுததைவிட அது வேறு மாதிரி இருந்தது. எதிர்வீட்டுப் பெண் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். வெளியே சித்தப்பா பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்த சத்தம் கேட்டது. வண்டிக்காரர் ஹாரன் அடிக்க, பானுப்பிரியாவின் கணவன் கார்த்திகேசன் அவரிடம் போய் ஏதோ சொன்னான். ஹாரன் நின்றது.

யாரும் அத்தையை அவசரப்படுத்தவில்லை. அவளாகவே மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தாள்.

“ஒவ்வொரு அமாவாசைக்கும் அப்பா அம்மாவுக்கு எல போடறப்ப நாக்கு தடுமாறும்டி. அண்ணன் பேரச் சொல்லிட்டா, உசுரோட கீறவர நானே சாவடிச்ச மாதிரி. சொல்லலேன்னா பட்டினி போட்ட மாதிரி. எத்தினி அமாவாசை…” பெருமூச்சு விட்டாள். “இனிமே சொல்லலாம்.”

“சொல்லலாம்த்த.”

அத்தை எழுந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சரசாவின் ஈர முடியைக் கையால் கோதிப் பின்னால் தள்ளினாள். அந்த நெற்றியைக் கொஞ்சநேரம் பார்த்தபடி நின்றாள். 

எதிர்வீட்டுப் பெண் மறுபடி கேட்டாள். “குங்குமம்?”

“பெருசா வை,” என்றாள் அத்தை. “சின்னதா வெச்சா அவளுக்குப் புடிக்காது.”

பானுப்பிரியா மோதிரவிரலால் தொட்டு, அம்மா வைத்துக்கொள்கிற இடத்தில், அம்மா வைத்துக்கொள்கிற அளவில் வைத்தாள்.  ஜம்புலிங்கம் வெளியிலிருந்து, “முடிஞ்சா சொல்லுங்க, தூக்கலாம்,” என்றார். வெள்ளைத்துணி பற்றி அவர் மறுபடி பேசவில்லை.

ஆண்கள் போனபிறகு பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்த பானுப்பிரியாவுக்கு எதிர்வீட்டிலிருந்து ரசஞ்சோறு வந்தது. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாதவள் தட்டைக் காலிசெய்து, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினாள்.

அத்தை வாசற்படியில் உட்கார்ந்து ஈரமுடியைத் துவட்டிக்கொண்டிருந்தாள். “அங்க அவருக்கு ஒரு பொண்ணு கீதுன்னியே. போட்டோ வெச்சிகினு கீறியா?”

பானுப்பிரியா காட்டினாள்.

“எங்கம்மா மூக்கு,” என்றாள் அத்தை. துண்டை மடியில் போட்டுக்கொண்டு, “போன் பண்ணா எடுப்பாளா?”

எடுத்தாள். அந்தப் பக்கம் அலுவலகமோ கடையோ, யாரோ நடமாடிக்கொண்டிருந்தார்கள். அம்மா காலமானதைப் பானுப்பிரியா சொன்னதும் சிம்ரன் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓர் ஓரமாக வந்தாள். “நா எதுனா செய்யணுமா அக்கா?” என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம், உன் அத்தை பேசணும் என்கிறாள் என்று சொல்லி, செல்போனை அத்தையிடம் கொடுத்துவிட்டுப் பானுப்பிரியா உள்ளே வந்தாள்.

கடல்தாண்டிப் பேசுகிறோம் என்பதால் அத்தை சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். “நான் ராஜம்மா! உங்கப்பனுக்குத் தங்கச்சி! சாப்ட்டியாம்மா? இன்னா சாப்ட்ட?”

பானுப்பிரியா கழுவிவிட்ட தரையில், பாய்கூடப் போடாமல், கையைத் தலைக்கு வைத்துப் படுத்தாள். வாசல் கதவு விரியத் திறந்து கிடந்தது. அத்தையின் குரல் தூரப் போய்க்கொண்டே இருந்தது. மின்விசிறிக்குக் கீழே தரையின் ஈரம் ஓரத்திலிருந்து மெல்லக் காய்ந்து வந்து, அவள் கால்மாட்டில் ஒரு கைக்குட்டை அளவுக்கு மட்டும் மிச்சமிருந்தது.