சட்டத்துக்கு ஏது ஆடி மாசம்

குகனும் நானும் மார்ச் மாதத்திலேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். வீட்டுக் கடனுக்கு அந்தக் காகிதம் தேவைப்பட்டது. கோயில் கல்யாணம் ஆவணியில். அதுவரை அந்தப் பையனோடு எங்கேயும் சுற்றக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. காகிதத்தில் போட்ட கையெழுத்தெல்லாம் அம்மாவுக்குக் கல்யாணமே இல்லை. குகன் ஒருமுறை வாய் நிறைய 'அத்தை' என்று கூப்பிட்டதற்கு, தாலி ஏறட்டும், அதுவரை ஆன்டி போதும் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அப்போதெல்லாம் என் கணவனுக்கு எங்கள் வீட்டில் பெயர், அந்தப் பையன்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு நாள். என் புருஷனோடு கடலில் ஆட வேண்டும், மணலில் உட்கார்ந்து நெத்திலி வைத்த நாசி லெமாக் சோறு தின்ன வேண்டும், யாருக்கும் பதில் சொல்லக் கூடாது. கல்யாணம் முடிந்தால் விருந்து, மறுவீடு என்று இரண்டு குடும்பமும் சேர்ந்து எங்களைப் பங்கு போட்டுவிடும். அதற்கு முன்னால் கொஞ்சம் திருட்டுத்தனமாகக் காதலித்துப் பார்க்க ஆசையாக இருந்தது. ஆசை என்ன ஆசை, வெறி.

நான் பிரிக்ஃபீல்ட்ஸில் வாடகை அறையில் இருந்தேன். குகனுக்கு போர்ட் கிள்ளானில் ஷிப்ட் வேலை. ஆகவே திட்டமெல்லாம் போனில்தான் நடந்தது. பூலாவ் கெத்தாம் தீவுக்குப் போகலாம் என்றேன். படகுத்துறையில் என் தாய்மாமா சபாபதிக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், வேண்டாம் என்றான். செகிஞ்சான் என்றான். என் சித்தி மகள் விஷ்ணுப்ரியா வாராவாரம் அங்கே போய்ப் படம் எடுத்துப் போடுகிறவள், அவள் கேமராவில் விழுந்தால் தொலைந்தோம் என்றேன். கடைசியில் மோரிப் கடற்கரை என்று முடிவானது. காலையில் கடல், மதியம் சுட்ட மீன், சாயங்காலம் ஜுக்ரா மலை ஏறிச் சூரியன் இறங்குவதைப் பார்ப்பது.

நாள் குறித்தவன் குகன். துறைமுகக்காரன் அல்லவா, கடல் அவனிடம் கேட்டுத்தான் ஏற வேண்டும், இறங்க வேண்டும் என்பது போலப் பேசுவான். மோரிப்பில் நீர் வடிந்தால் வெறும் சேறு, அதனால் நீர் நன்றாக ஏறும் நாளாகப் பார்க்க வேண்டும் என்றான். நீர் ஏறும் நேரம் காட்டும் செயலியைப் பார்த்து ஒரு வியாழக்கிழமையைச் சொன்னான். அன்று விடியும்போது நீர் கரை முட்ட நிற்கும், மழை இல்லை, வேலை நாளானதால் ஈ காக்கை இருக்காது. அன்று மட்டும் ஏன் நீர் அவ்வளவு ஏறுகிறது என்று படித்த இரண்டு பேரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கிள்ளான் பக்கம் மேருவில் இருக்கும் அம்மா போனில், வியாழக்கிழமை மாமாவோடு வெளியே போகிறேன் என்று சொன்னபோதும், நல்லதாகப் போயிற்று என்று துள்ளினேனே தவிர, எங்கே என்று கேட்கவில்லை.

இருட்டு பிரியும் நேரத்தில் குகனின் மைவி கார் மோரிப்புக்குள் நுழைந்தது. சாலையின் இரண்டு பக்கமும் வேன்கள். நிறுத்த இடமில்லை. ஈர வேட்டியோடு ஆண்கள், வாழையிலையும் எள்ளுமாகப் பெண்கள், கரை நெடுக ஐயர்களின் குரல். கிள்ளானில் உள்ள தமிழர் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். ஆடி அமாவாசை.

காருக்குள்ளேயே எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குகன் சிரிக்கவில்லை. பூப்போட்ட அரைக்கால் சட்டையோடு கீழே இறங்கி நின்று, ஓடிவிடலாமா என்று கேட்டான். அதற்குள் பக்கத்து வேனின் கதவு திறந்தது. இறங்கியது என் அம்மா.

அம்மா என்னைப் பார்த்தார், குகனைப் பார்த்தார், அவன் கால்சட்டையைப் பார்த்தார். பிறகு, நான் சற்றும் எதிர்பாராத விதமாக, அவர் முகம் மலர்ந்தது.

"அப்பாவுக்குக் கொடுக்க வந்தீங்களா?" என்றார். "ஒரு போன் பண்ணியிருந்தா வேன்லயே ஏத்திக்கிட்டு வந்திருப்பேன்ல."

குகனின் அப்பா அவன் கல்லூரியில் இருந்தபோதே தவறிவிட்டவர். அம்மா வேனில் இருந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் செய்தி சொன்னார். இந்தக் காலத்தில் லீவு போட்டு அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க வருகிற பையன் யார் இருக்கிறான் என்று பெருமை வேறு. தங்கள் அப்பாவுக்குக் கொடுக்க வந்திருந்த சபாபதி மாமா, தன் மாற்று வேட்டியை எடுத்து நீட்டினார். தப்பித்தோம் என்று நான் மூச்சு விட்டேன்.

குகன் வேட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு அப்படியே நின்றான். ஐயர் அப்பா பெயர் கேட்டார். அவன் என் அம்மா பக்கம் திரும்பினான். எனக்குப் புரிந்துவிட்டது. வாயை மூடிக்கொள் என்று அவன் முழங்கையைக் கிள்ளினேன். கல்யாணம் நின்றுபோனாலும் போகும் என்ற பயம் எனக்கு.

"ஆன்டி," என்றான். "நான் அப்பாவுக்காக வரல. இன்னைக்கு அமாவாசைன்னே எனக்குத் தெரியாது. தாமரையோட கடல்ல விளையாட வந்தேன். அப்பா பேர்ல பொய் சொல்ல மனசு வரல."

மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு கடலைப் பார்த்தார். சொந்தக்காரர்கள் வாழையிலையைப் பார்த்தார்கள். அம்மா மட்டும் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அவன்மேல் கோபம் கோபமாக வந்தது, கூடவே அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

"காலையில ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?" என்றார் அம்மா.

"இன்னும் இல்ல."

"அப்ப உக்காருங்க, மாப்பிள்ளை. முதல்ல அப்பா. அப்புறம் விளையாட்டு."

குகன் உட்கார்ந்தான். அப்பாவின் பெயரைச் சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. எள்ளும் நீரும் விரலிடுக்கில் இறங்குவதை அம்மா பக்கத்தில் நின்று பார்த்தார். எங்கள் பையிலிருந்த நாசி லெமாக்கை எடுத்து, அமாவாசையும் அதுவுமாக நெத்திலியா என்று முறைத்துவிட்டு, வேனிலிருந்த இட்லியைக் கொடுத்தார். பிறகு என் கைப்பையை வாங்கிக்கொண்டு, போ என்று கடல் பக்கம் தலையை ஆட்டினார்.

ஓடினோம். நீர் கரை முட்ட நின்றது, அதில் மட்டும் குகன் சொன்னது பிசகவில்லை. இடுப்பளவு நீரில் அவன்மேல் தண்ணீரை வாரி இறைத்தேன், அவன் என்னைத் தூக்கிப் போட்டான், வாயெல்லாம் உப்பு. வெட்கமாவது ஒன்றாவது.

கரையில் ஓர் ஆன்டிக்குப் பொறுக்கவில்லை. யார் இவர்கள், ஆடி மாதத்தில் புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து இப்படியா ஆடுவது என்று அம்மாவிடம் கேட்டார்.

"என் மகளும் மருமகனும்," என்றார் அம்மா. "ரிஜிஸ்டர் பண்ணியாச்சு லா. சட்டத்துக்கு ஏது ஆடி மாசம்?"