புளிக்காத பால்

மூன்றாவது தடவையாக எலேமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கருங்கற்களுக்குப் பின்னால் ஓடினான்.

"மாப்பிள்ளைக்கு என்னடா ஆச்சு? கல்லை எண்ணப் போறாரா?" திரும்பிப் பார்க்காமலேயே கத்தினார் குயோ. ஒட்டகங்கள் அவருடையவை.

"டவுன் வயிறு மாமா! டீக்கடையை நெனச்சு அழுவுது," என்று சிரித்தான் எலேமாவின் கூட்டாளி துமால். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது.

குயோவின் மகள் தலாசோவைக் கட்டப்போகிறவன் எலேமா. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பருவம் மாமனாரின் ஒட்டகங்களோடு தூரத்து மேய்ச்சலுக்குப் போய் வரவேண்டும். அங்கே அடுப்பு கிடையாது, மாவு கிடையாது. காலையில் பால், மாலையில் பால். எலேமாவின் அம்மாவோ மலையில் சோளம் விதைக்கிற கூட்டத்துப் பெண். அவள் வயிறுதான் இவனுக்கும். புளித்த பால் என்றால் குடம் குடமாகக் குடிப்பான். கறந்த பால் ஒரு மடக்கு இறங்கினாலே வயிறு பொங்கிவிடும். இது துமாலைத் தவிர யாருக்கும் தெரியாது.

போன மாதம் பக்கத்து டவுனான மைகோனாவுக்கு ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். வெறும் வயிற்றில் இனிப்பாக ஒரு தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, விரலில் குத்திக் குத்தி ரத்தம் பார்த்தார்கள். பால் யாருக்குச் செரிக்கும் என்று அதில் தெரியுமாம். "நீயும் குத்திக்கிட்டு பேப்பரோட வா. அப்புறம் பேசலாம்," என்று குயோ சொல்லிவிட்டார். முதல் நாள் துமால் தன் பெயரில் குடித்தான். மறுநாள் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு எலேமாவின் பெயரில் குடித்தான். இரண்டு பேப்பரிலும் 'பால் நன்றாகச் செரிக்கும்' என்றே வந்தது.

பேப்பரை நீட்டும்போது அந்த டாக்டரம்மா சாதாரணமாகச் சொன்னாள்: "தண்ணியில்லாத இடத்துல பால் செரிக்காதவன் அதைக் குடிச்சா, உடம்புல இருக்கிற தண்ணியும் வெளியே போயிடும். அப்படிப்பட்டவங்க எத்தனையோ தலைமுறையா இந்த மண்ணுல பிள்ளை பெறாமலே செத்திருக்கணும். மிச்சம் இருந்தவங்க பிள்ளைங்கதான் நீங்க."

அதைத் துமால் வந்து சொன்ன பிறகும் எலேமா பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

அந்தப் பேப்பரை நம்பித்தான் குயோ தண்ணீர் கேன்களைக் குடியிருப்பிலேயே இறக்கி வைத்தார். "மூணு பேருக்கும் பால் வயிறு. தண்ணி பச்சைப்பிள்ளைங்களுக்கு இருக்கட்டும்." நேற்று போய்ச் சேர்ந்த கிணறு மணல் மூடிக் கிடந்தது. அடுத்த கிணற்றுக்கு மூன்று நாள் நடை. திரும்பினாலும் மூன்று நாள்தான்.

எலேமா தள்ளாடிக்கொண்டு வந்தான். உதடு வெடித்திருந்தது.

"சொல்லிடவாடா?" என்றான் துமால்.

"சொன்னா தலாசோ போயிடுவா."

"சொல்லலேன்னா நீ போயிடுவே."

மாலை கறவை முடிந்ததும் குயோ நுரை ததும்பும் குடுவையை நீட்டினார். "குடிங்க மாப்பிள்ளை. இங்க இதான் தண்ணி."

தாகத்தில் எலேமா இரண்டு கையாலும் வாங்கினான். துமால் பாய்ந்து பிடுங்கினான்.

"மாமா, அவன் பேப்பர்ல இருக்கிறது என் ரத்தம். ரெண்டு நாளும் நான்தான் குடிச்சேன்."

குயோ முதலில் சிரித்தார். எலேமாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"பாவிப்பயலே... கிளம்பும்போதே சொல்லியிருந்தா ரெண்டு கேனைத் தூக்கிட்டு வந்திருப்பேனே!"

அடிப்பார் என்று துமால் நினைத்தான். அவர் கை ஓங்கவில்லை. அவர் குரலில் பயத்தை அவன் அன்றுதான் கேட்டான்.

"புளிச்சா குடிப்பான்ல? புளிக்க வை," என்றார் குயோ.

எதில் புளிக்க வைப்பது? குடுவைகள் எல்லாவற்றுக்கும் தலாசோ தன் கையால் கொள்ளிக்கட்டையைப் போட்டுப் புகை காட்டியிருந்தாள். மாப்பிள்ளை குடிக்கிற பால் நாள்பட்டாலும் கெடக்கூடாது என்று இரண்டு மடங்கு புகை. புகை ஏறிய குடுவையில் பால் லேசில் புளிக்காது, அதிலும் ஒட்டகப் பால். துமால் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தேடி எடுத்தான். அதன் மூடியின் இடுக்கில் எப்போதோ காய்ந்திருந்த தயிர்ப்பொருக்கைச் சுரண்டிப் போட்டு, பாலை ஊற்றி, ஒட்டகத்தின் விலாவில் கட்டினான்.

மறுநாள் விடிந்ததும் எலேமாவையும் அதே ஒட்டகத்தின் மேல் கட்டி, குடியிருப்பை நோக்கித் திரும்பினார்கள். வெயில் ஏறியது. டப்பா குலுங்கிக்கொண்டே வந்தது.

"டேய் டீக்கடை!"

"போடா..."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி, "டேய், தலாசோ உன்னை இப்படி மூட்டையா பார்த்தா என்ன சொல்வா?"

உச்சி வெயிலில், மேலிருந்து மெல்லிய குரல் மட்டும் வந்தது. "புளிச்சிடுச்சா?"

துமால் டப்பாவைத் திறந்தான். மோந்து பார்த்தான். விரலை விட்டு நாக்கில் வைத்தான். கறந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இனித்தது.

குயோ அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூடுடா," என்றார். "நட."

துமால் மூடியை இறுக்கினான். ஒட்டகம் நடந்தது. விலாவில் பால் குலுங்கும் சத்தம் விடாமல் கேட்டது. மேலேயிருந்து அந்தக் குரல் அதன்பிறகு வரவேயில்லை.