சுத்தக் காற்றுக் குழாய்

புகை நுரையீரலை என்ன பாடு படுத்தும் என்று ஊருக்கெல்லாம் உபதேசிக்கிற பேராசிரியர், தாமே ஊதித் தள்ளுகிறவர் என்பது ஆய்வுக்கூடம் இருக்கும் மூன்றாம் மாடி முழுக்கத் தெரியும். தெரியாதவர் அவர் மனைவி ஒருவர்தான். "எட்டு வருஷமாத் தொடறதில்லை" என்று அந்த அம்மாள் பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொள்வார். நமக்கென்ன வந்தது, கேட்டுக்கொள்வோம்.

அவரிடம் ஆராய்ச்சிக்கு வந்த பெண்ணுக்கு 'எலியம்மா' என்று பெயர் விழுந்திருந்தது. நாற்பது எலிகள். இருபதுக்கு டீசல் புகை, இருபதுக்கு வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தக் காற்று. ஞாயிறுகூடப் பாராமல் ஒன்றரை வருஷம் கூண்டு கழுவினாள். கடைசியில் நுரையீரலைச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால், சுத்தக் காற்று எலிகளிலும் பொட்டுப் பொட்டாகப் பழுப்பு. டீசல் என்றால் கருப்பு, சிகரெட் என்றால் பழுப்பு என்று கற்றுக்கொடுத்தவரே பேராசிரியர்தான்.

குழாயைத் தடவிக்கொண்டே போனாள். அது பின்பக்கப் பால்கனியில் வாய் திறந்திருந்தது. நேர் கீழே அவர் நாற்காலி. பூச்சட்டி நிறைய சிகரெட் துண்டுகள்.

"சார், குழாய்க்குக் கீழேதான் நீங்க..."

"டீசல் கசிஞ்சிருக்கும்மா. கூண்டு மூடியை யாரு மூடறது? நீதானே?"

"அன்னைக்கே வடிகட்டி கேட்டேன் சார். மூணாவது மாடில ஏது தூசின்னீங்க."

பேராசிரியர் புதினா மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார். "மறுபடி செய்ய ஒண்ணரை வருஷம் வாங்கித் தரேன். மனு எழுதிட்டு வா."

எழுதினாள். காரணம் என்ற இடத்தில் 'மாணவியின் கவனக்குறைவு' என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். அவர் கையெழுத்து இல்லாவிட்டால் பட்டமே கிடையாது.

அவர் பேனாவைத் திறந்த நேரம், சாப்பாட்டுப் பையோடு மனைவி உள்ளே வந்தார்.

"நீதானா எலியம்மா? கொஞ்சம் கவனமா இருக்கக் கூடாதா? இவர் சட்டையைத் துவைச்சு மாளலை. எந்நேரமும் புகை நாத்தம். கேட்டா, உன் கூண்டுப் புகைதான்கிறார். நிஜமா?"

பேனா தாளுக்கு மேலேயே நின்றது. பேராசிரியர் தலை நிமிரவில்லை. எத்தனையோ பெரிய ஆய்விதழ் ஆசிரியர்களுக்கெல்லாம் அசையாத மனுஷனுக்குக் கழுத்தோரம் வியர்த்திருந்தது.

எலியம்மா அந்தப் பேனாவையே பார்த்தாள்.

"ஆமாம்மா. எங்க புகைதான்."

பேனா இறங்கியது.