வெயில் குடித்த பாதி

புருஷனின் சுரங்கத் தலைவிளக்கை விற்றுவிடலாம் என்று எடுத்த தெயானிரா, அதன் பேட்டரிப் பெட்டியைத் திறந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே பேட்டரி இல்லை. துணியில் சுற்றிய கல். லாரிமார், அந்த மலையின் நீலக்கல்! உள்ளங்கை அகலம். ஒரு பக்கம் கரி ஒட்டிய வளைவு. மறுபக்கம் மட்டமாகப் பிளந்த முகம், ஆழ்கடல் நீலம். நீலத்தின் குறுக்கே சிவப்பாக ஒரு கீற்று, நுனியில் கவட்டை போலப் பிரிந்து.

அந்தக் கவட்டையை அவள் தினமும் பார்க்கிறாள். குழி முதலாளி நிக்கானோர் வீட்டு முன்தூணில் பதித்த கல்லில்.

புருஷன் எலிஹியோ செத்து மூன்று வருஷம். நிக்கானோரின் குழியில் மண் சரிந்து போனான். "ஞாயித்துக்கெழமை ஆளில்லைன்னு திருட இறங்கியிருக்கான்" என்றான் நிக்கானோர். சுரங்க மேட்டில் ஒரு வெள்ளைச் சுவர் உண்டு. மண்ணுக்குப் பலியானவர்களின் பெயரை அதில் நீலப் பெயின்டால் எழுதுவார்கள். எலிஹியோ பெயரைச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் எழுத மறுத்துவிட்டது. கள்ளனுக்குச் சுவரில் இடமில்லையாம்.

சுப்பாதெரோஸ் மலையில் குழி தோண்டுகிறவன் முதலில் தேடுவது கரியைத்தான். எந்தக் காலத்திலோ எரிமலைக் குழம்பு ஒரு காட்டையே விழுங்கியது. மரங்கள் நின்ற இடத்திலேயே வெந்து கரியாகி, பாறைக்குள் குழாய் குழாயாகப் பொந்து விட்டுப் போயின. அடியிலிருந்து ஏறிய கொதிநீர் அந்தப் பொந்துகளில் புகுந்து, ஆறி, இழை இழையாக இறுகி நீலமானது. கரி தட்டுப்பட்டால் அதன் பின்னாலேயே போக வேண்டும். அதுவும் வாயைத் திறக்காமல். விஷயம் கசிந்தால் மறுநாளே பக்கத்தில் ஐம்பது குழி.

அப்படிப் போய், முதல் நீலம் கிடைத்ததும் பங்காளிகள் இருவரும் அதை இழைவாக்கில் பிளந்து ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள். பத்திரம், கையெழுத்து எல்லாம் அதுதான்.

தெயானிரா கல்லைப் பாவாடை மடிப்பில் மறைக்கவில்லை. கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டே தெருவில் நடந்தாள்.

நிக்கானோர் வீட்டு வாசலில், வாதாம் மரத்தடியில் டொமினோக் கட்டை ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. நிக்கானோர், ஃபெல்லோ, இன்னும் ஒருவன், நான்காவதாக சங்கத்துச் செயலாளர் தூலியோ. எலிஹியோவின் கூடப்பிறந்த தம்பி.

"வாம்மா கள்ளன் பெண்டாட்டி! இன்னைக்கு எதைத் தூக்கிட்டுப் போக வந்தே?" ஃபெல்லோ கட்டையை மேஜையில் அறைந்தான்.

அவள் நேரே தூணுக்குப் போனாள். சிமென்டில் பதித்திருந்த கல்லுக்குப் பக்கத்தில் தன் பாதியை வைத்தாள். விரித்த புத்தகத்தின் இரண்டு பக்கம் மாதிரி, அங்கே வலது பக்கம் பிரிந்த கவட்டை இங்கே இடது பக்கம் பிரிந்தது.

"எந்திரிச்சு வந்து பாருங்க! திருட வந்தவனோட எவனாவது முதக்கல்லைப் பிளந்து பங்கு போடுவானா? சொல்லுங்கய்யா!"

நிக்கானோர் எழுந்திருக்கவில்லை. ரம்மை ஒரு வாய் குடித்துவிட்டுத் தூலியோவைப் பார்த்தான். பார்த்தான், அவ்வளவுதான். ஐந்து குழிகளுக்குக் காற்று அனுப்பும் கம்ப்ரசர் அவனுடையது. அதில் ஒன்று தூலியோவின் குழி.

தூலியோ வந்தான். கீற்றின் மேல் விரலை ஓட்டினான். கவட்டையில் வந்ததும் விரலை எடுத்துக்கொண்டான்.

"கீத்து ஒண்ணு மாதிரிதான் இருக்கு, அண்ணி. ஆனா நிறம்?"

"நிறமா?"

"உங்களுது கருநீலம். தூண்ல இருக்கிறது பால் மாதிரி வெளுப்பு. ஒரே கல்லுன்னா ரெண்டு நிறம் எப்படி?"

"ஏன் தூலியோ, கடற்கரையில வெள்ளைக்காரிங்ககிட்ட நீதானே சொல்லுவே? 'வெயில்ல வைக்காதீங்க சீமாட்டி, வெளுத்துடும்'னு. இந்தப் பாதி மூணு வருஷமா மேற்கு வெயிலைக் குடிச்சிருக்கு. என்னுது இருட்டுல கெடந்துது. உனக்குத் தெரியாதா?"

"அது... வியாபாரத்துக்குச் சொல்றது."

எல்லாரும் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"காத்துக்காக அண்ணனை வித்துட்டியா?"

"காத்து இல்லாம கீழ எத்தனை நிமிஷம் தாங்கும்னு உங்களுக்குத் தெரியுமா, அண்ணி?" தூலியோ முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சங்கமே சொல்லிடுச்சு. காபி குடிச்சிட்டுப் போ, தங்கச்சி" என்றான் நிக்கானோர்.

"தூணைப் பத்திரமாப் பாத்துக்கண்ணே. இப்ப எல்லாரும் பாத்தாச்சு. கல்லைப் பெயர்த்தா ஏன்னு ஊர் கேக்கும்."

வீடு வந்ததும் ஏணி போட்டுத் தகரக் கூரையில் ஏறினாள். மேற்குப் பக்கம், பிளந்த முகம் மேலே பார்க்க, கல்லைக் கம்பியால் இறுக்கிக் கட்டினாள். எலிஹியோ அவளுக்கென்று விட்டுப்போனதில் அழகானது அது ஒன்றுதான்.

"பைத்தியமா உனக்கு? இத்தனை நல்ல நீலம் வெளுத்துடுமேடி!" பக்கத்து வீட்டுக்காரி கத்தினாள்.

"வெளுக்கட்டும். மூணு வருஷம்தானே? நிறம்தானே கேட்டாங்க."